காத்திருக்கும் ஆர்.என்.ஏ.: விந்தணு குறித்த கேள்வி-பதில்

கேள்வி: மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவானதும் புரதம் தயாராகிவிடும் என்றே படித்தோம். விந்தணு வளர்ச்சியில் மட்டும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: விந்தணு தன் வளர்ச்சியின் இறுதிக் கட்டத்தில் டி.என்.ஏ. வழக்கமாகச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களை நீக்கி, புரோட்டமின் என்னும் சிறு புரதங்களைக் கொண்டு டி.என்.ஏ.வை மிக இறுக்கமாகச் சுருட்டிக்கொள்கிறது. அவ்வாறு சுருண்டபின் புதிய ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்க இயலாது என்பதால், பின்னர் வேண்டியவற்றை முன்பே படியெடுத்துச் சேமித்தாக வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களுக்கென்று கருவாடு போட்டு வைக்கும் வீடுகளைக் கண்ட உங்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். எலிகளில் புரோட்டமினுக்குரிய ஆர்.என்.ஏ., விந்தணுவாக மாறவிருக்கும் வட்ட வடிவச் செல்களில் உருவாகி ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருக்கிறது, எம்.எஸ்.ஒய்.2 போன்ற புரதங்கள் அதைச் சிதையவும் விடாமல், காலத்துக்கு முன் புரதமாகவும் விடாமல் பற்றி வைத்திருக்கின்றன. அந்த ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியை மாற்றி, புரோட்டமினை முன்கூட்டியே உருவாகச் செய்தபோது, டி.என்.ஏ. உரிய காலத்துக்கு முன்பே இறுகி, விந்தணு வளர்ச்சி தடைபட்டதை 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் சோதனை இது.

எல்லாப் புரதங்களும் அடக்கி வைப்பவை அல்ல. டி.ஏ.இசட்.எல். என்னும் புரதம், தான் பற்றும் ஆர்.என்.ஏ.க்கள் பலவற்றைப் புரதமாக்கத் தூண்டுகிறது.

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்கிறேன். வெயிலால் விந்தணு குறையுமா?
– வாலிநோக்கம்

பதில்: விந்தகம் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருப்பதே இயல்பு, நீடித்த வெப்பம் எண்ணிக்கையைக் குறைக்கலாம். சூடேறிய எலி விந்தகத்தில் அதே டி.ஏ.இசட்.எல்., ஆர்.என்.ஏ.க்களைச் சிறு திரள்களாக ஒதுக்கிச் செல்லைக் காக்க உதவுகிறது. அப்புரதம் இல்லாத செல்கள் கூடுதலாக மடிகின்றன. மனிதரில் விந்தணு உருவாக இரண்டு மாதங்களுக்கு மேலாவதால், வெப்பம் தணிந்து மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள்.

கேள்வி: திருமணமாகிப் பல ஆண்டுகளாக என் மனைவியை மட்டுமே பரிசோதித்தார்கள். இப்போது என் ஒய் குரோமோசோமில் ஏ.இசட்.எஃப்.சி. பகுதி இல்லை என்கிறார்கள். குழந்தை பிறக்குமா?
– பாம்பன்

பதில்: தொடக்கத்திலேயே இருவரையும் பரிசோதித்திருக்க வேண்டும், உங்கள் மனைவி வீணாகச் சுமந்த பழியை எண்ணி வருந்துகிறேன். விந்தணு உருவாவதற்கு வேண்டிய அப்பகுதியில்தான் டி.ஏ.இசட்.எல்.லின் நெருங்கிய உறவான டி.ஏ.இசட். மரபணுவின் நான்கு பிரதிகள் வழக்கமாக அமைந்துள்ளன. அவை இல்லாதபோதும் பலருக்கு விந்தகத்திலிருந்து விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்த முடிகிறது. மகன் பிறந்தால் அவனுக்கும் இக்குறை வரும், மகளுக்கு வராது. சிகிச்சையைத் தொடங்குமுன் மரபணு ஆலோசகரை இருவரும் சேர்ந்தே சந்தியுங்கள்.