ஒன்றாம் வகுப்பில் ஊரும் உறவும் எழுத்தும்: வாசகர் கேள்வி – பதில்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் சமூகப் பாடத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் தனிப் பாடமாக இல்லை, சூழ்நிலையியலுக்குள்தான் வருகிறது. எழுத்துகளை வாசிக்க வைக்கவே நேரம் போதவில்லை. இதற்கு நேரம் எங்கே?
– ஆசிரியை, தேனி மாவட்டம்

தனி நேரம் தேவையில்லை. வாசிக்கப் பழக்கும் சொற்களைப் பிள்ளையின் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்தால் இரண்டும் ஒரே வேளையில் நடக்கும். உறவுப்பெயர்களில் தொடங்குங்கள். அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி, தம்பி, தங்கை என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ‘மாமா’ போன்ற ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் சொல்லின் நடுவே புள்ளி எழுத்து வருகிறது. பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவதும் அங்கேதான். புள்ளியைக் கவனிக்காமல் ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசித்துவிடுவார்கள்.

ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஓர் அட்டைக்குச் சரியான அளவு கிடைக்கும். எழுத்து இரண்டு விரற்கடை உயரமாவது இருக்கட்டும். புள்ளியை மட்டும் சிவப்பில் வையுங்கள். பிறகு அட்டையைப் புள்ளி எழுத்துக்கு அடுத்து வெட்டுங்கள்: அத் – தை, சித் – தி, தாத் – தா, பாட் – டி. புள்ளி எழுத்துக்கு முன்னால் வெட்டினால் ‘அ – த்தை’ என்றாகிவிடும். ‘த்தை’ என்று தனியாகச் சொல்லப் பிள்ளைக்கு வாய் வராது. வெட்டிய துண்டுகளைக் கலைத்துப் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘அத்’தோடு ‘தி’யைச் சேர்த்து ‘அத்தி’ என்று ஒருவர் கொண்டுவந்தால் அதுவும் சரியே. அத்தி மரம் பற்றிப் பேச்சு போகட்டும்.

அட்டையில் எழுத வேண்டியது பிள்ளை வீட்டில் கூப்பிடும் பெயரை. ஒரு வீட்டில் அப்பத்தா, இன்னொரு வீட்டில் ஆச்சி, வேறொரு வீட்டில் அம்மாயி, வாப்பா, உம்மா என்று வரும். எல்லாவற்றையும் ஒரே சார்ட்டில் ஒட்டுங்கள். ஒருவர் வீட்டு வழக்கம் இன்னொருவர் வீட்டில் வேறு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். சமூகப் பாடத்தின் முதல் பாடம் அதுதான்.

கேள்வி: குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். அப்பா எங்களோடு இல்லை. பிள்ளை அந்தக் கிளையைக் காலியாக விட்டு எடுத்துப்போய் அழுதுவிட்டான். இதற்கு வேறு வழி இல்லையா?
– ஒரு தாய், கடலூர்

இருக்கிறது. இந்த வேலையை மரமாகத் தராமல் இருப்பதே நல்லது. மரத்தில் ஒவ்வொருவருக்கும் இடம் முன்பே குறித்திருப்பதால், ஆள் இல்லாத இடம் பளிச்சென்று தெரியும். அதற்குப் பதிலாகத் தாளின் இரு ஓரங்களையும் நடுவில் வந்து தொடும்படி மடித்தால் இரட்டைக் கதவு கிடைக்கும். வெளியே வீட்டு வாசல், கோலம், கதவு எண். கதவைத் திறந்தால் உள்ளே வீட்டில் இருப்பவர்கள். கேள்வியும் ‘உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?’ என்பதோடு நிற்க வேண்டும். பாட்டி மட்டும் இருக்கலாம், பூனையும் ஆடும் இருக்கலாம், விடுதித் தோழர்களும் இருக்கலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் ‘இது என் ________’ என்ற வரி. பிள்ளை ஒரு சொல்லை மட்டும் நிரப்பினால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெற்றோரின் வேலையை வகுப்பு நடுவே ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்காதீர்கள். ஆறு வயதிலேயே எந்த வேலைக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தொழில்களைப் பற்றிப் பேசப் பால்காரரையும் தபால்காரரையும் கிராம சுகாதார செவிலியரையும் வகுப்புக்கே அழைக்கலாம்.

கேள்வி: வரைபடம் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியுமா? சார்ட்டில் வரைந்து காட்டினேன். வெறும் கோடாகத்தான் பார்க்கிறார்கள்.
– ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

புரியும், ஆனால் கோட்டில் தொடங்கக் கூடாது. பொருளில் தொடங்கி மூன்று நாளில் கோட்டுக்கு வர வேண்டும்.

முதல் நாள், இரண்டு சார்ட் தாள்களை ஒட்டித் தரையில் விரியுங்கள். பெஞ்சுக்குத் தீப்பெட்டி, ஆசிரியர் மேசைக்குச் சோப்பு அட்டைப்பெட்டி, பீரோவுக்கு நிற்க வைத்த பற்பசைப் பெட்டி. கதவு இருக்கும் இடத்தில் ஓரத்தை வெட்டி இடைவெளி விடுங்கள். ஐந்தாறு பேர் அடுக்கட்டும். மற்றவர்கள் ‘கதவு’, ‘மேசை’, ‘பலகை’, ‘சன்னல்’ என்ற பெயர்ச்சீட்டுகளை வாசித்து வைக்கட்டும். பிள்ளைகள் எல்லாரும் தாளின் ஒரே பக்கத்தில், உண்மையான கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார வேண்டும். வட்டமாக உட்கார வைத்தால் எதிரே இருப்பவருக்கு இடம் வலமாகிவிடும். சண்டை தொடங்குவது அங்கேதான்.

இரண்டாம் நாள், ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துவிடுங்கள். தாளில் மிஞ்சுவதுதான் வரைபடம். பீரோ எவ்வளவு உயரமாக இருந்தாலும் தாளில் சின்னக் கட்டமாகத்தான் நிற்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அப்போதும் சிலர் பீரோவைக் கைப்பிடியோடு முன்பக்கமாகவே வரைவார்கள். அவர்களைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, கீழே வைத்த குடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் குடம் வட்டம்.

மூன்றாம் நாள் விளையாட்டு. ஒரு சொல்லட்டையை வகுப்பில் ஒளித்துவைத்து, அந்த இடத்தை வரைபடத்தில் ஒரு புளியங்கொட்டையால் குறியுங்கள். பிள்ளை போய் எடுத்து, அட்டையை உரக்க வாசித்தால்தான் வெற்றி. ‘மணி’, ‘படம்’, ‘மயில்’ போன்ற சிறு சொற்கள் போதும். எட்டு முறை ஒளிப்பதற்கு ஒரு பாடவேளை ஆகும். அதற்கு மேல் நீட்டினால் ஓடுவதில் இருக்கும் ஆசை வாசிப்பதில் இருக்காது.

இந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். சுவரில் ஏறியதும் வடக்கு என்றால் மேலே, தெற்கு என்றால் கீழே என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பிறகு அதைத் திருத்துவது கடினம். தரையில், உண்மையான கிழக்கைப் பார்த்து விரித்தே வாசியுங்கள். கிழக்கு எது என்று சூரியன் உதிக்கும் இடத்தை வைத்துச் சொல்வதாக இருந்தால் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் செய்யுங்கள். ஜூனில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளியும், டிசம்பரில் தெற்கே தள்ளியும் உதிக்கும். கைபேசியின் திசைகாட்டியைப் பயன்படுத்துவதானால் இரும்பு பீரோவிலிருந்து தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் ஏமாற்றும்.

வகுப்பறை முடிந்த பிறகே தெரு. இருநூறு மீட்டருக்குள், பதினைந்து நிமிடம், இரண்டு பெரியவர்கள் துணைக்கு. ஐந்து பலகைகளை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ‘ரேஷன் கடை’, பலகையில் ‘நியாயவிலைக் கடை’. வாயில் ‘பஸ் ஸ்டாப்’, பலகையில் ‘பேருந்து நிறுத்தம்’. இடத்தைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிடுவதால் பலகையைப் பிள்ளைகள் வாசிக்கவே மாட்டார்கள். பலகையில் உள்ள சொல்லையும் பேச்சில் உள்ள சொல்லையும் இரண்டு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து, ‘இதில் எது பலகையில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். அப்போது எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு எழுத்தெல்லாம் வரிசையாகத் தெரிகிறது. சொல்லாக வாசிக்க வரவில்லை. ஏன்?
– ஒரு தந்தை, திருப்பூர்

வரிசையாகச் சொல்வது நினைவாற்றல். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். எது உண்மையில் தெரியும் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, கெ, கே, கை. இவற்றில் கொம்பும் சங்கிலிக் கொம்பும் முன்னால் நிற்கின்றன, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை இங்கே நின்றுவிடும். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒன்றாக எழுதி, ஒரே ஒலியாகக் காட்டுங்கள். பிரித்துக் காட்ட வேண்டாம். மற்றொன்று, ஓர் எழுத்தின் ஒலி இடத்துக்கு இடம் மாறுவது. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’தான், ஒலி மூன்று விதம். ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று வாசித்தால் பிழை என்று வெட்டிவிடாமல், ‘ராத்திரிக்கு எதிர்ச்சொல் என்ன?’ என்று கேளுங்கள். தெரிந்த சொல் நாவில் வந்ததும் ஒலி தானே சரியாகும். தெரியாத சொற்களை வாசிக்கக் கொடுத்தால் இந்த வழி அடைபட்டுவிடும். ஊரும் வீடும் சார்ந்த சொற்களை நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: வகுப்பில் கடை வைத்து விளையாடினோம். ஒரே கூச்சல்; யாரும் எதையும் வாசிக்கவில்லை.
– ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

வாசிக்காமலே பொருள் வாங்க முடிந்திருக்கும், அதனால்தான். பாக்கெட்டின் நிறத்தையும் படத்தையும் பார்த்தே பிள்ளைகள் பெயர் சொல்லிவிடுவார்கள். மூன்று படியாக வையுங்கள். முதல் வாரம் முழு உறை. அடுத்த வாரம் உறையிலிருந்து பெயரை மட்டும் வெட்டி எடுத்த துண்டு. மூன்றாம் வாரம் அதே பெயர், வெள்ளைத் தாளில் கருப்பு மையில் கையால் எழுதியது. எந்தப் படியில் ஒரு பிள்ளை நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால் யாருக்கு உதவி வேண்டும் என்று தெரியும். உப்பு, அப்பளம், ஊதுபத்தி, தீப்பெட்டி, ஆவின் பால் உறை போல, பெயர் தமிழில் அச்சிட்டிருப்பதாகப் பார்த்துச் சேருங்கள். பால் உறையைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே நாற்றமும் எறும்பும் வந்துவிடும்.

கூச்சலுக்கு வழி: ஒரு கடையில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கடைக்காரர் ஒருவர், வாங்குபவர் இருவர், சீட்டை வாசிப்பவர் ஒருவர். வாங்குபவர் வாயால் கேட்கக் கூடாது, சீட்டைத்தான் நீட்ட வேண்டும். விலை 1, 2, 5, 10 ரூபாயில் மட்டும். சில்லறை திருப்பித் தருவது இந்த வகுப்புக்கு வேண்டாம்.

உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலையில் ஒருமுறை கூட்டிப்போய் விலைப்பலகையைக் காட்டுங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-இல் மதுரையில் திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்கிறார் என்பதைப் பிள்ளைகள் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ‘இதை நீங்களே விளைவித்தீர்களா?’ என்ற ஒரு கேள்வியை வகுப்பிலேயே பழக்கிக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: கடிதம் எழுத வைக்கலாமா? இரண்டு சொல்லுக்கு மேல் எழுத வராதே.
– ஆசிரியை, நாகப்பட்டினம்

இரண்டு சொல் போதும். அஞ்சலட்டையின் விலை ஐம்பது காசுதான். இடப்பக்கம் ஒரு படமும் ‘அம்மா, வணக்கம்’ என்பது போன்ற ஒரு வரியும் பிள்ளை எழுதட்டும். வலப்பக்க முகவரியை நீங்கள் பென்சிலால் எழுதிக்கொடுத்து, அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வையுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் ஓடிவிடும். படத்தையோ இலையையோ ஒட்டவும் வேண்டாம், வழியில் பிய்ந்துபோகும். முப்பது அட்டை தேவையென்றால் ஒரு வாரம் முன்பே அஞ்சலகத்தில் சொல்லிவையுங்கள். சிறிய கிளையில் அத்தனை இருப்பு இல்லாமல் போகலாம்.

அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்த்துக் கற்பிக்கலாம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் ஆறு இலக்க எண் இது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் 6. எல்லாருடைய அட்டையிலும் ஒரே எண் இருப்பதை முதலில் பார்க்கட்டும். பிறகு வெளியூரில் இருக்கும் உறவினர் முகவரி ஒன்றை எழுதி, எந்த இலக்கம் மாறியிருக்கிறது என்று தேடட்டும். அட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளைப் பிள்ளைகள் வகுப்பில் வந்து சொல்லும்போது, பெயருக்கு எதிரே நாட்காட்டியில் குறியுங்கள்.

கேள்வி: ‘அந்தக் காலம், இந்தக் காலம்’ என்பதை எப்படிப் புரியவைப்பது?
– ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

தாத்தா காலத்துக்கு முன்னால் பிள்ளையின் சொந்தக் காலம். ஒரு கயிற்றில் ஓர் அடிக்கு ஒரு முடிச்சு, ஆறு வயதுக்கு ஆறு முடிச்சு. பிறந்தேன், நடந்தேன், பல் விழுந்தது, பள்ளிக்கு வந்தேன் என்ற சீட்டுகளைத் துணி கிளிப்பால் மாட்டட்டும். வீட்டிலிருந்து பழைய புகைப்படத்தைக் கேட்காதீர்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. படம் வரைந்தால் போதும். இது பழகிய பிறகு அம்மி – மிக்சி, உரல் – அரவை மில் என்று சொல்லட்டைகளை இணைக்கலாம்.

கேள்வி: மாநிலச் சின்னங்களை விடுகதையாகக் கேட்கிறோம். பொருளையே வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டலாமா?
– ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

விடுகதை நல்ல வழி. வரையாடு, மரகதப் புறா, பனை, செங்காந்தள் ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்பு. ஒவ்வொரு குறிப்பும் நான்கு சொல்லுக்குள் இருக்கட்டும், பிள்ளைகளே வாசிக்கட்டும். பனையோலை, நுங்கு, பனங்கொட்டை இவற்றைத் தாராளமாகக் கொண்டுவரலாம். ஓலையின் ஓரம் கையை அறுக்கும், நறுக்கி வையுங்கள். செங்காந்தள் மட்டும் வேண்டாம். அதன் கிழங்கிலும் விதையிலும் மற்றப் பாகங்களிலும் கடும் நஞ்சு இருக்கிறது. பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள். வேலியோரத்தில் பூத்திருந்தாலும் பறிக்க விடாமல் தள்ளி நின்று காட்டுங்கள். வகுப்பில் அதற்குப் படம் போதும்.