தூக்குச்சட்டியில் போகும் எண்ணெய்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று சொல்லி, எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைக்கும்படி மருத்துவர் கூறிவிட்டார். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் உளுந்து வடை, மழை பெய்தால் வாழைக்காய் பஜ்ஜி. அதனால் ஏர் ஃப்ரையர் வாங்கினேன். அதில் வைத்த வடை கல்லாகிவிட்டது. பஜ்ஜி மாவு வழிந்து தட்டில் ஒட்டிக்கொண்டது. கணவரும் மகனும் கேலி செய்ததால் மறுபடி வாணலிக்கே திரும்பிவிட்டேன். எதையும் வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஞாயிறன்று ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றினால், அதே எண்ணெயில் புதன்கிழமை பூரியும் பொரித்துவிட்டு, மீதி முக்கால் லிட்டரை வடிகட்டித் தூக்குச்சட்டியில் ஊற்றி வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன். அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். ருசி கெடாமல், எண்ணெய் குறைவாக வடையும் பஜ்ஜியும் செய்ய வழி சொல்வீர்களா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஏர் ஃப்ரையரை வாங்கிவிட்டு வடை கல்லாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். அதற்கு வழி சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வடை அன்று. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தத் தூக்குச்சட்டி.

உங்கள் கணவரின் உடம்புக்கு ஆகாது என்று நீங்கள் கவலைப்படும் எண்ணெய், இரண்டு நாள் அடுப்பில் கொதித்த பிறகு இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி ஆகும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? எண்ணெய் கொதிக்கும்போது மாவிலிருந்து வெளியேறும் ஈரமும் வெளிக்காற்றும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. அடியில் தங்கும் மாவுத்துகள் கருகி அந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. மறுபடி அடுப்பில் ஏறும்போது அது கறுத்து, நுரை கட்டி, விரலில் பிசுபிசுப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்படிச் சிதைந்து உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் நாட்டில் விதியே இருக்கிறது. வீட்டுச் சமையலறைக்கு எந்த அதிகாரியும் வந்து சோதிக்கப் போவதில்லை என்பதால் அங்கே மனசாட்சிதான் அதிகாரி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ, ஒரு முறை பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு, பொரியலுக்குச் சேர்த்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும், அதிலேயே மறுபடி பொரிக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் உங்கள் கணவர் புதன்கிழமை தின்னும் பூரியே தவறு. அதற்குப் பிறகு தூக்கில் போவதை என்னவென்று சொல்ல?

"சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாளியம்மா கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் அவர் நிற்கிறார். அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்காதீர்கள். குடும்ப அட்டை இருந்தால் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், பிரிக்காத பாக்கெட்டாக, அவருக்கே கிடைக்கும். உங்கள் தூக்கில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்கு நாம் தின்னத் தயங்குவதைக் கொடுக்கக் கூடாது என்று என் தாயார் சொல்லி வளர்த்தார். அந்த விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதிலும் அந்தத் தூக்கில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் ஊற்றி முக்கால் லிட்டர் மிஞ்சினால், கால் லிட்டர் எங்கே போயிற்று? வாணலியிலும் காகிதத்திலும் ஒட்டியது போக மீதி முழுவதும் உங்கள் மூவரின் வயிற்றுக்குள். கால் லிட்டர் என்பது 50 தேக்கரண்டி. ஒவ்வொரு தேக்கரண்டியும் ஏறத்தாழ 40 கலோரி. (வடையை நாளிதழில் போட்டு எண்ணெய் வடிக்காதீர்கள். அச்சு மை வடையில் ஏறும், அது என் பதில் வெளிவந்த பக்கமாகவே இருந்தாலும்.)

ஆகவே முதலில் அந்த அகல வாணலியைப் பரணில் ஏற்றுங்கள். குழிவான சின்ன இருப்புச்சட்டி ஒன்றை எடுத்து, 200 மில்லி எண்ணெயை அளந்து ஊற்றி, ஈட்டுக்கு இரண்டு வடையாகப் பொரியுங்கள். பொரித்து முடித்து ஆறியதும் மிச்சத்தை அதே அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். குறைந்தது எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் நீங்கள் தின்றது. மிஞ்சியதை வடிகட்டி வைத்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் தாளிதமும் பொரியலும் அதிலேயே முடிந்துவிடும். கொடுத்தனுப்ப ஒரு சொட்டும் இருக்காது.

வடை எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் மாவின் கோளாறு. உளுந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்தாலும், அரைக்கும்போது தண்ணீரை ஊற்றினாலும் குடிக்கும். குளிர்ந்த நீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்து, ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். உப்பைத் தட்டுவதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் மாவு நீர்த்துவிடும். எண்ணெயில் கிள்ளிப் போட்ட மாவு உடனே மேலெழும்பினால்தான் பக்குவம்; மந்தமான சூட்டில் போட்ட வடை பஞ்சுபோல் உறிஞ்சும். பஜ்ஜி மாவில் சோடா உப்பை அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சோடாவால் பஜ்ஜி உப்பி வரும், உப்பிய அளவுக்கு எண்ணெயும் ஏறும்.

இதைவிடவும் குறைக்க வேண்டுமானால், அதே உளுந்து மாவில் சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை சேர்த்துக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் போதும். மிதமான தீயில் மூடி வைத்து, திருப்பிவிட்டு, இரண்டாம் பக்கம் திறந்தே வேக விட்டால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே மிருதுவும் இருக்கும். நடுவில் ஓட்டை இல்லை என்று உங்கள் மகன் குறை சொன்னால் சொல்லட்டும். வாழைக்காயைக் கொஞ்சம் மெலிதாகச் சீவி, கெட்டியான கடலை மாவில் தோய்த்து, தோசைக்கல்லில் சுற்றிலும் எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க எடுத்தால் பஜ்ஜிக்கு ஏறக்குறைய ஈடாகும். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பொரித்த பஜ்ஜியும் இதுவும் ஒன்றே என்று உங்களை நான் ஏமாற்ற விரும்பவில்லை.

ஏர் ஃப்ரையரைத் தூக்கி எறிய வேண்டாம். அது விசிறி வைத்த சிறிய அடுப்பு. கொதிக்கும் எண்ணெய் நாலாபுறமும் ஒரே நொடியில் மேல் தோலை இறுக்கிவிடுகிறது. அதனால் உள்ளே ஆவி அடைபட்டு வடை உப்புகிறது. சூடான காற்று அதை மெதுவாகச் செய்வதால் ஈரம் முழுவதும் வெளியேறி, உளுந்து மாவு கல்லாகிறது. கொரகொரப்பாக அரைத்துத் தட்டையாகத் தட்டிய பருப்பு வடை, சேனைக்கிழங்கு, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு மேலே எண்ணெய் தடவி அதில் வையுங்கள். குறை சொல்ல முடியாது. அப்பளத்துக்கு அதுவும் வேண்டாம், தணலில் சுட்டாலே போதும்.

கேலி செய்யும் அந்த இருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஞாயிறு முதல் எண்ணெயை அளந்து ஊற்றுவதும், மிச்சத்தை அளந்து எழுதிவைப்பதும் உங்கள் கணவர் பொறுப்பு. கொழுப்பு அவர் இரத்தத்தில் ஏறியிருக்க, கணக்கை நீங்கள் மட்டும் சுமப்பது என்ன நியாயம்? மாவைத் தட்டிப் போடுவது மகன் பொறுப்பு. நாலு வடை தட்டிய பிறகு கேலி தானாக அடங்கும்.

இந்த வாரத் தூக்கு இன்னும் அடுப்படியில் இருந்தால், அதைக் கொடுக்காதீர்கள். கழுநீர்த் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய துணியிலோ காகிதத்திலோ ஊற வைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தூக்கைச் சீயக்காய் போட்டுத் தேயுங்கள். ஞாயிறன்று அந்த அம்மா வரும் நேரத்துக்கு முதல் ஈட்டு வடையை அதில் வைத்துக் கொடுங்கள், சட்னியோடு.