சித்தாளுக்கு எதற்கு 700 ரூபாய்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். மகனுக்காக 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறேன். கொத்தனார் 1,100, சித்தாள் 700 கேட்கிறார்கள். 2015-ல் மாடி எடுத்தபோது 600-க்கும் 300-க்கும் வந்தார்கள். ரேஷன் அரிசி இலவசம், பெண்களுக்கு பஸ் இலவசம், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வேறு. அப்புறம் எதற்கு இவ்வளவு கூலி? கேரளாவில் விலைவாசி அதிகம், அங்கே கேட்டால் நியாயம். பேசாமல் வட மாநில ஆட்களை வைத்துவிடட்டுமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஐயா, அந்த 700 ரூபாய் வேலை கிடைத்த நாளுக்கு மட்டும்தான். கிடைக்காத நாளுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. எங்கள் தெரு முனையில் தினமும் காலை ஆறரைக்கெல்லாம் முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். பையில் தூக்குச் சட்டி, சும்மாட்டுத் துணி, வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு பழைய முழுக்கைச் சட்டை. மேஸ்திரிகள் வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். எட்டரை மணி தாண்டியும் கூப்பிட ஆள் வரவில்லை என்றால் மிச்சம் நிற்கும் பெண்கள் பூட்டிய கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். போன ஐப்பசியில் தொடர்ந்து நாலு நாள் இதைப் பார்த்தேன், நாலு நாளும் அதே முகங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் பூச்சு வேலை நிற்கும், மணல் வராவிட்டால் வேலை நிற்கும், வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் அடுத்த தவணை வரத் தாமதமானால் நிற்கும், காய்ச்சல் வந்தால் அதுவும் அவர் கணக்குதான். வருடத்துக்கு 200 நாள் வேலை கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 700 வீதம் 1,40,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,700-கூட வரவில்லை. அதுவும் 700 முழுசாகக் கைக்கு வந்தால்தான். நீங்கள் மேஸ்திரியிடம் கொடுக்கும் 700-ல் ஆளுக்கு ஐம்பதோ நூறோ அவர் எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். இந்தச் சனிக்கிழமை சம்பளம் போடும்போது அந்த அம்மாவிடமே நேராகக் கேட்டுப் பாருங்கள், கைக்கு எவ்வளவு வருகிறது என்று.

சரி, நீங்கள் சொன்ன இலவசங்களுக்கு வருவோம். அரிசி 2011-லிருந்து இலவசம், நல்ல விஷயம், அது இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. அதோடு சலுகை விலையில் மாதம் ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் பாமாயில். காய்கறி, மீன், பால், மாத்திரை, பிள்ளையின் நோட்டுப் புத்தகம், வீட்டு வாடகை எதுவும் ரேஷன் கடையில் கிடைப்பதில்லை. பஸ் இலவசம் என்பது சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும், வெளியூரிலிருந்து புறநகர்ப் பேருந்தில் வருகிற பெண் டிக்கெட் எடுத்துத்தான் வர வேண்டும். உரிமைத் தொகை 1,000 ரூபாயை நாளுக்குப் பிரித்தால் 33 ரூபாய், இரண்டு டீ குடித்தால் தீர்ந்துவிடும். டவுன் ஓரத்தில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும் 4,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்கிறதா, விசாரியுங்கள். அதற்கு மேல் வீட்டுக்காரர் கரண்டுக்கு யூனிட் எட்டோ பத்தோ போட்டுத் தனியாக வாங்குவார். அந்த 11,700-ல் வாடகையும் கரண்டும் போனால் மிச்சம் ஏழாயிரம். அதில் நாலு பேர் ஒரு மாதம் தள்ள வேண்டும்.

2015-ஐ நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். அப்போது ஒரு பவுன் 20,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 300 ரூபாய்ச் சித்தாள் 67 நாள் கூலியைச் சேர்த்தால் பெண்ணுக்கு ஒரு பவுன் எடுத்துவிடலாம். 2025-ல் பவுன் 70,000-ஐத் தாண்டி மேலே போய்விட்டது. அந்த 70,000-க்கே இன்றைய 700 ரூபாய்ச் சித்தாள் நூறு நாள் சுமக்க வேண்டும். கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் அவர் பின்னால்தான் போயிருக்கிறார்.

உங்கள் ஓய்வூதியத்தோடு அகவிலைப்படி சேர்ந்து வருகிறது. விலைவாசி ஏற ஏற, நீங்கள் யாரிடமும் போய்க் கேட்காமலே அது கூடுகிறது. அது உங்கள் உரிமை, முப்பது வருடம் உழைத்துப் பெற்றது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. சித்தாளுக்கு அகவிலைப்படி போட எந்த அலுவலகமும் கிடையாது. அவருக்கு இருக்கிற ஒரே வழி, அடுத்த வீட்டு வேலைக்குப் போகும்போது ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்பது. அதைத்தான் நீங்கள் அநியாயம் என்கிறீர்கள்.

எது நியாயம் என்று அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மத்திய அரசின் வரம்பில் வரும் கட்டுமான வேலைகளுக்கு, பெருநகரங்களில் எந்தத் தொழிலும் கற்காத ஆளுக்குக் குறைந்தபட்சக் கூலி 2024 அக்டோபர் முதல் நாளுக்கு 783 ரூபாய், மாதத்துக்கு 20,358 என்று அறிவித்தார்கள். விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதைத் திருத்துகிறார்கள். உங்கள் வீட்டு வேலைக்கு அந்த விகிதம் பொருந்தாது, அது தெரியும். ஆனால் ஒரு ஆள் உயிர் வாழ இவ்வளவாவது வேண்டும் என்று டெல்லியில் உட்கார்ந்து போட்ட கணக்கே உங்கள் சித்தாள் கேட்பதைவிட அதிகம்.

கேரள விஷயத்திலும் நீங்கள் சொல்வது பாதிதான் சரி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளாவில் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 501, அகில இந்தியச் சராசரி 393, மத்தியப் பிரதேசத்தில் 279. நம் ஊர்க் காய்கறிதான் லாரி ஏறிப் பாலக்காடு போகிறது, அங்கே விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஒன்றே முக்கால் மடங்கா இருக்கும்? அவர்கள் ஆட்கள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், உள்ளூரில் சங்கம் பலமாக இருந்தது, அதனால் கூலி ஏறியது. காலியான அந்த இடத்தை நிரப்ப முதலில் போனவர்களில் நம் ஊர் ஆட்கள்தான் அதிகம். அன்றைக்கு மலையாளிக்கு நாம் வெளியூர் ஆள், இன்றைக்கு நமக்கு பீகாரி.

வட மாநில ஆட்களை வையுங்கள், தாராளமாக வையுங்கள், அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஏன் குறைவாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் படுத்து, ஒரே குக்கரில் பொங்கி, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் அந்த ஊர் விலையில் சாப்பிடுகிறார்கள். நம் சித்தாளின் பிள்ளை திருச்சி விலையில் சாப்பிடுகிறது, திருச்சியில் வாடகை கொடுக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, யார் மலிவு என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அதே கலவைச் சட்டியை அதே ஏணியில் ஏற்றும் ஆணுக்கு நூறோ இருநூறோ கூடுதலாகக் கொடுப்பீர்கள், மேஸ்திரியே அப்படித்தான் பேசியிருப்பார். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது.

கடைசியாக உங்கள் செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இரண்டு சித்தாளுக்கு நாளுக்கு நூறு நூறு குறைத்து, நூறு நாள் வேலை வாங்கினால் உங்களுக்கு மிச்சமாவது 20,000 ரூபாய். 1,200 சதுர அடி வீட்டுக்கு இன்றைக்கு 25 லட்சத்துக்கு மேல் ஆகும். தலைவாசலுக்குத் தேக்குக் கதவு பார்த்து வைத்திருப்பீர்கள், அதில் ஒரு தரம் இறங்கினாலே இந்தப் பணம் வந்துவிடும். 700-ஐ அப்படியே கொடுங்கள். மத்தியானம் மழை பிடித்து வேலை நின்றால் அரை நாள் என்று பிடிக்காதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் கடைகள் சாத்துவதற்குள், ஆறு மணிக்குள் பணம் அவர் கையில் இருக்கட்டும்.