எடைக்குப் போகும் ராணி காமிக்ஸ்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டை வீட்டைக் கொடுத்துவிட்டு மகனோடு பெங்களூரு ஃபிளாட்டுக்குப் போகிறோம். பரணில் இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ் இருக்கிறது. முத்து, லயன், ராணி எல்லாம் பள்ளிக்கூட நாளில் இருந்து சேர்த்தவை. "அந்தக் குப்பையை ஏத்துனா நான் வண்டியில ஏறமாட்டேன்" என்கிறாள் மனைவி. சேகரிப்பாளர் ஒருவர் வந்து பார்த்தார். முத்துவிலும் லயனிலும் வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். ராணி காமிக்ஸ் வேண்டாமாம். "அதுக்கு மார்க்கெட் இல்ல சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அவர் சொல்லும் விலை நியாயமா? நூலகத்துக்குக் கொடுத்தால் வாங்குவார்களா? சிறுவயதுப் பொக்கிஷத்தை விற்பது தவறா?

ந., பாளையங்கோட்டை

அன்புள்ள ந.,

விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பழைய காமிக்ஸ் விலை என்பது வாங்குகிறவரின் ஏக்கத்தையும் விற்கிறவரின் அவசரத்தையும் பொறுத்தது. விற்பது தவறா என்றால், இல்லை. வங்கியில் வேலை பார்த்தவர் இப்படிக் கேட்கலாமா? இடம் இல்லை, ஆள் கேட்கிறார், விற்கிறீர்கள். அவ்வளவுதான். 'பொக்கிஷம்' என்றெல்லாம் எழுதுகிறீர்களே, கடைசியாக எப்போது அந்தப் பெட்டியைத் திறந்தீர்கள்? உங்கள் மனைவியை வில்லியாக்கவும் வேண்டாம். இத்தனை வருடம் அந்தப் பரணில் ஒட்டடை அடித்தது யார், கரையான் ஏறாமல் பார்த்துக்கொண்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வாக்கியம். ராணி காமிக்ஸை எடைக்குப் போடுங்கள் என்று சேகரிப்பாளர் சொன்னதை எழுதிவிட்டு, மறுத்து ஒரு வார்த்தை எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் தொடங்கியது. லயன் 1984-இல் வந்தது. இரண்டும் இன்றும் அங்கிருந்து வந்துகொண்டிருக்கின்றன. முத்து காமிக்ஸின் நாயகன் இரும்புக்கை மாயாவி வேண்டுமா? மறுபதிப்பு வந்தாயிற்று, நல்ல தாளில் வழுவழுவென்று இருக்கிறது. ஆங்கில மூலமும் எங்கும் போய்விடவில்லை. 1962-இல் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது, வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர்கள் தங்கள் சொத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ராணி காமிக்ஸ் கதை வேறு. தினத்தந்தி குழுமத்தில் இருந்து அதுவும் 1984-இல்தான் தொடங்கியது, ஏறத்தாழ ஐந்நூறு இதழ் வந்தது, 2005-இல் நின்றது. நின்றது நின்றதுதான். அதற்கு மறுபதிப்பு என்று ஒன்று என் கண்ணில் பட்டதில்லை.

"அதில் வந்த ஜேம்ஸ் பாண்டும் வெளிநாட்டுச் சரக்குதானே, அதுவும் ஆங்கிலத்தில் கிடைக்குமே" என்பீர்கள். கிடைக்கும். 1958-இல் லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழில் தொடங்கிய படத்தொடர், முழுத் தொகுப்பாகவே கிடைக்கும். ஆனால் ராணி காமிக்ஸில் நாம் பார்த்தது அந்த ஜேம்ஸ் பாண்டை இல்லை. சென்னையில் யாரோ ஒருவர் கத்தரித்து ஒட்டி, மை பூசி, சட்டை மாட்டிவிட்ட ஜேம்ஸ் பாண்ட். அதுதான் உங்கள் பெட்டியில் இருக்கிறது.

மதுரையில் நடைபாதைக் கடையில் வாங்கிய ராணி காமிக்ஸ் ஒன்று இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. நாளிதழில் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று படுக்கையாக வந்ததை, நம் நெட்டுப் பக்கத்துக்குத் தோதாகத் துண்டுபோட்டு அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கும்போது இடம் மிஞ்சிய மூலையில் நம்மூர்க் கை இரண்டு செடியும் ஒரு கல்லும் வரைந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் நாயகி கடற்கரையில் நிற்கிறாள். நீச்சலுடையின் மேல் கழுத்துவரை கறுப்பு மை. பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும், மூல ஓவியரின் கோடுகள் ஒரு பக்கமாகவும் இந்த மை வேறு பக்கமாகவும் ஓடுகின்றன. முழுக்கைச் சட்டை. அதற்கு அடுத்த கட்டத்தில் அதே பெண், அதே கடற்கரை, கை இல்லாத சட்டை. மை பூசியவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.

கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை இருந்தது. தையல்காரர் வாடகைக்குக் காமிக்ஸும் விடுவார். கடை முகப்பில் சணல் கட்டி, துணி கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டிருப்பார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் ஒரு ரேட், வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒரு ரேட். புது இதழ் வந்தால் முதலில் அவர்தான் படிப்பார், நாங்கள் காத்துக்கிடக்க வேண்டும். கதையில் அவருக்கு அக்கறை இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மை பூசிய பெண்களையே உற்றுப் பார்ப்பார். எங்கள் வயதில் நாங்கள் அதற்கு வேறு அர்த்தம் வைத்துச் சிரிப்போம். ஒருநாள் பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருப்பா, இந்தச் சட்டையில கக்கமே இல்ல. பட்டனும் இல்ல. எப்படி மாட்டுவா? எப்படிக் கழட்டுவா? இது தைச்ச சட்டை இல்ல, தார் அடிச்சது." தொழில்காரனின் எரிச்சல் அது. தமிழில் நான் கேட்ட முதல் ஓவிய விமர்சனமும் அதுதான். இன்றைக்கு வரும் பல மதிப்புரைகளைவிட நல்ல விமர்சனம் என்றும் சொல்வேன்.

எண்பதுகளில் ஒரு தமிழ்ப் பையன் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அந்த மைதான் சாட்சி. அந்தச் சாட்சி லண்டனில் இல்லை. எந்தத் தொகுப்பிலும் வராது. உங்கள் பரணில் இருக்கிறது. நீங்கள் அதை எடைக்குப் போடப் போகிறீர்கள்!

உங்களிடம் வந்த சேகரிப்பாளரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ரகத்தைத் தெரியும். அட்டை கசங்கக் கூடாது, பேனாவில் பெயர் எழுதியிருக்கக் கூடாது, வாடகை நூலக முத்திரை விழுந்திருந்தால் பாதி விலை. ஒரு முத்து காமிக்ஸ் இருபது பேர் கை மாறியது என்பதற்கு அந்த முத்திரையைத் தவிர வேறு என்ன ஆதாரம் இருக்கிறது? யாரும் தொடாத பிரதிதான் வேண்டும் என்றால், யாரும் படிக்காத பிரதி வேண்டும் என்றுதானே அர்த்தம். அவர் பொறுக்கட்டும், அது அவர் காசு. நீங்கள் ஏன் பொறுக்க விடுகிறீர்கள்?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளம்பரப் பலகை எழுதுகிற தொழில். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதை எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்தார். அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தார்கள், 1994-இல் அது ஆராய்ச்சி நூலகமானது. அதுவும் விற்பனைதான் ஐயா. பாட்டுப் புத்தகத்துக்கு மார்க்கெட் இல்லை என்று யாராவது பொறுக்கிப் பிரித்திருந்தால் இன்று தமிழ் சினிமா பற்றி எழுதுகிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

ஆகவே விற்பதென்றால் மொத்தமாக விற்றுவிடுங்கள். ராணியையும் சேர்த்து எடுத்தால்தான் முத்து என்று சொல்லுங்கள். கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும். அதற்கு முன் ஒரு நோட்டுப் போட்டு உட்காருங்கள். இதழ் எண், தலைப்பு, விலை, மாதம், பின்னட்டையில் என்ன விளம்பரம், வாசகர் கடிதம் இருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். வங்கியில் லெட்ஜர் எழுதிய கைதானே. முடிந்தால் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் எண் சொல்ல நீங்கள் எழுதலாம். நடுப்பக்கத்து ஊக்கு துருப்பிடித்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், தாளோடு வரும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டவும் வேண்டாம், ஈரம் உள்ளே நின்றுவிடும். பைண்டிங் கடைப் பக்கம் போகவே போகாதீர்கள். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓரத்தை வெட்டுவார்கள், மாயாவியின் வசனத்தில் பாதி வெட்டில் போய்விடும்.

நூலகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் கொடுத்தால் ஒரு கோடை விடுமுறை தாங்கும். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கு உங்கள் பட்டியலோடு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். பட்டியல் இல்லாமல் போடாதீர்கள்.

யாரும் வாங்கவில்லை, மனைவியும் அசையவில்லை, லாரி வாசலுக்கு வந்துவிட்டது என்றால் ராணி காமிக்ஸை மட்டும் எனக்கு அனுப்பிவிடுங்கள். பார்சல் செலவு என்னுடையது. பழைய பேப்பர்க்காரர் கிலோவுக்கு என்ன கொடுப்பாரோ அதைவிட ஒரு ரூபாய் கூடவே தருகிறேன்.

அன்புடன்