டீடிஎஸ் மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: ஃபில்டர் விற்க வந்தவர் இரண்டு டம்ளர் தண்ணீரில் கம்பி விட்டுக் கரண்ட் கொடுத்துக் காட்டினார். எங்கள் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, மேலே கசடு மிதந்தது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. இதைத்தான் இத்தனை நாள் குடித்தோமா? (வாசகி, சேலம்)

பதில்: அந்தக் கசடு உங்கள் தண்ணீருடையது அல்ல, அவருடைய இரும்புக் கம்பியுடையது. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், கம்பி அரித்துத் துருவாக இறங்கும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் சும்மா நிற்கிறது. இன்னொரு முறை வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். அப்புறம் அவர் உங்கள் தெருப்பக்கமே வரமாட்டார்.

கையடக்க டீடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் உத்தேசமாகச் சொல்லும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. ஆனால் 350 காட்டும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம், மீட்டருக்கு அது தெரியாது. 900 காட்டுவது வாய்க்குக் கரிக்குமே தவிர, உடம்புக்கு ஒன்றும் செய்யாமலும் போகலாம். முதலில் பரிசோதனை அறிக்கை, அப்புறம் மெஷின்.

கேள்வி: எங்கள் பகுதி போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகமாம். கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடுமா? (வாசகர், தர்மபுரி மாவட்டம்)

பதில்: ஆகாது, கூடத்தான் செய்யும். தண்ணீர் ஆவியாகப் போகிறது, ஃபுளூரைடு பாத்திரத்திலேயே தங்குகிறது. நைட்ரேட்டும் அப்படியே, அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கவே கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாய்ந்துவிடலாம்.

உங்கள் பக்கத்தில் ஃபுளூரைடு யாரோ கலந்த கழிவு அல்ல, பாறையிலிருந்தே கரைந்து வருவது. வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழி இல்லையென்றால் 1.5. வளரும் வயதில் இதைத் தாண்டிக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும், தேய்த்தால் போகாது. பல ஆண்டுகள் மிக அதிக அளவில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே உங்களுக்கும் கிருஷ்ணகிரிக்கும் இதற்காக வந்ததுதான். ஆகவே, மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீரோடு போர் தண்ணீரையும் கலக்கிறார்களா என்று ஊராட்சியில் விடாமல் கேளுங்கள். காவிரித் தண்ணீர் வராத இடம் என்றால் வீட்டில் ஆர்.ஓ. வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. சாதாரண கேண்டில் ஃபில்டர் இதற்கு உதவாது.

கேள்வி: குழாயில் தண்ணீர் விட்டதும் முதல் இரண்டு குடம் நாறுகிறது, அப்புறம் குளோரின் வாடை வருகிறது. எதைப் பிடிப்பது? (வாசகி, மதுரை)

பதில்: குளோரின் வாடை வருவதைப் பிடியுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. வாடை பிடிக்கவில்லை என்றால் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். நாறுகிற தண்ணீர்தான் வினை. விநியோகம் இல்லாத நேரத்தில் காலிக் குழாய்க்குள் விரிசல் வழியாகச் சாக்கடை கசிகிறது, குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறவர்கள் அதை இன்னும் உறிஞ்சுகிறார்கள். (உங்கள் தெருவில் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.) அந்தத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், பின்னால் வருவதையும் தளதளவென்று கொதிக்க வைத்தே குடியுங்கள், புகாரையும் எழுத்தில் கொடுங்கள். கிருமிச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டிலை முதலில் வாங்கி, அதில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டு போங்கள். பழைய கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்தால் பாட்டிலின் கிருமிக்குத்தான் ரிப்போர்ட் வரும்.