தொட்டியில் ஒட்டாத பசை: பசை போலியா, பிளாஸ்டிக் வேறா?

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் உள்ள 1000 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில், பி.வி.சி. குழாய் பொருந்தும் இடத்தில் நீர் கசிகிறது. முதலில் பி.வி.சி. சொல்யூஷனையும், அடுத்து ‘எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஏற்றது’ என்று உறையில் அச்சிட்டிருந்த உடனடிப் பசையையும் தடவினோம். இரண்டுமே ஒரு வாரத்தில் தோலாக உரிந்து வந்துவிட்டன. பசை போலியா? வேறு எதை வாங்குவது?

பதில்: பசை போலியாக இருக்க வேண்டியதில்லை, தொட்டியும் குழாயும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை என்பதே சிக்கல். சொல்யூஷன் என்று நாம் கேட்டு வாங்குவது இரு பி.வி.சி. பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான் கலவை. உங்கள் தொட்டியோ பெரும்பாலும் பாலிஎத்திலீனால் வார்க்கப்பட்டது. அது அந்தக் கரைப்பானுக்கு அசைந்து கொடுப்பதில்லை. உடனடிப் பசையும் அதன்மேல் பரவாமல் தாமரை இலைத் தண்ணீராகவே நிற்கும். வாளி, நாற்காலி முதலியவை செய்யப்படும் பாலிபுரொப்பிலீனும் இதே குணம் உடையதே.

பொருளின் அடியில் உள்ள முக்கோணத்தில் 2 அல்லது 4 என்றிருந்தால் பாலிஎத்திலீன், 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், 3 என்றிருந்தால் பி.வி.சி. குறி இல்லையென்றால் ஒரு சிறு சீவலைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்; பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். சுண்ணாம்புத்தூள் கலந்த மலிவான நாற்காலிகள் இச்சோதனையில் ஏமாற்றக்கூடும். கொளுத்தி மோந்து பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும் என்பதால் அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் தொட்டிக்குப் பசையே தேவையில்லை. துளையின் இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து முடுக்கும் டேங்க் நிப்பிளைப் பொருத்தி, அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிக் குழாயை இணைக்கச் சொல்லுங்கள். தொட்டியின் உடலே விரிசல் கண்டிருந்தால், அதே பிளாஸ்டிக் குச்சியைச் சூடான காற்றால் உருக்கிப் பற்றவைப்பவர்களிடம் காட்டலாம். அதற்குமுன் உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்று ரசீதைப் பார்த்துவிடுங்கள்.

பி.வி.சி.யுடன் ஏ.பி.எஸ். அல்லது அக்ரிலிக் போன்ற கடினமான, வேற்றினப் பிளாஸ்டிக்கை இணைக்க வேண்டியிருந்தால், இரு குழல்களாக விற்கப்படும் எபாக்சி பசையே பொதுவாக நம்பத்தக்கது. இரு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒட்டியபின் 24 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். அவசரப்படுபவர்களுக்கு அது உதவாது.

நீங்கள் வாங்கிய உடனடிப் பசை உறையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றுக்கு ஏற்றதல்ல என்று சிறு எழுத்தில் இருக்கக்கூடும். அப்படி எதுவும் இல்லாமல் ‘எல்லாப் பிளாஸ்டிக்குக்கும்’ என்று மட்டும் இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிட இடமுண்டு. முதலில் உறையிலுள்ள நுகர்வோர் குறைதீர்ப்பு முகவரிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். ரசீதையும் உறையையும் எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: அதே உடனடிப் பசை பள்ளிச் செயல்திட்டத்துக்கான தெர்மகோலைக் குழியாக அரித்துவிட்டது. ஏன்?

பதில்: தெர்மகோல் காற்றடைத்த பாலிஸ்டைரீன், இத்தகைய பசைகள் அதைக் கரைத்துவிடுகின்றன. நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள்; காய ஓரிரவு ஆகும்.