வாசகர் கேள்வி பதில்: லேடி பேர்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் குழுவில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. கல்யாணத்துக்கு முன்னால் சைக்கிள் ஓட்டியதோடு சரி. மகள் காலேஜ் போய்விட்டதால் அவளுடைய லேடி பேர்டு வீட்டில் சும்மா நிற்கிறது. ராமநாதபுரத்தில் ஞாயிறு காலை குழுவாக ஓட்டுகிறார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். போட்டோவில் பார்த்தால் எல்லோரும் ஹெல்மெட், கியர் சைக்கிள், இறுக்கமான உடுப்பு. நான் சுடிதாரில் போய் நின்றால் சிரிப்பார்களோ, என்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், உச்சிப்புளி

பதில்: சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் அது உங்களுக்கான குழு இல்லை, அடுத்த ஞாயிறு நிம்மதியாகத் தூங்கலாம்.

போவதற்கு முன் பொறுப்பாளருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், பின்தங்கியவரை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். "அவங்கவங்க பாத்து வந்துர வேண்டியதுதான்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். நல்ல குழுவில் கடைசி ஆளுக்கும் பின்னால், வழி தெரிந்த ஒருவர் வருவார், அவருக்கு அன்றைக்கு வேலையே அதுதான், திருப்பம் வந்தால் முன்னால் போனவர்கள் நின்று எல்லோரும் வந்து சேர்ந்த பிறகே கிளம்புவார்கள். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் தாமதத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, அதை அவர்கள் ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். வேகம் மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் என்றால் பேசிக்கொண்டே ஓட்டலாம். 25-க்கு மேல் என்றால் அது பயிற்சி, வேறு ஆட்களுக்கு.

லேடி பேர்டு போதும். செயினுக்கு மூடி இருப்பதால் சுடிதாருக்கு அதுதான் வசதி. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள், சக்கரத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சீட் உயரம் பாருங்கள். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே அழுத்தினால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, தலைக்கு ஹெல்மெட். இந்த இரண்டுக்கும் காசு பார்க்காதீர்கள், குழுக்கள் விடியுமுன்னே கிளம்புகின்றன, ராமேசுவரம் சாலையில் அந்த நேரத்துக்கு இரவெல்லாம் ஓட்டிய தூக்கக் கலக்கத்தோடு சுற்றுலா வேன்கள் வரும்.

குழு ராமநாதபுரத்தில் கூடினால் நீங்கள் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்து, அவர்களோடு ஓட்டி, மறுபடி வீடு திரும்ப வேண்டியதில்லை. பாம்பன் பக்கம் போகிற நாளில் அவர்கள் எப்படியும் உச்சிப்புளி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அங்கே சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு முன் சில வாரம் தனியாக 10, 15 கிலோமீட்டர் பழகிக்கொள்ளுங்கள்.

இனி காற்று விஷயம். நம் பக்கம் மேடு கிடையாது, அதனால் எளிது என்று வெளியூர்க்காரர் நினைப்பார். காற்றுதான் இங்கே மேடு. எதிர்க்காற்றில் உங்கள் வேகமும் காற்றின் வேகமும் கூடிக்கொள்ளும், அந்தக் கூட்டுத்தொகை இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கச்சான் அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வரும். கிழக்கே மண்டபம் போகும்போது முதுகில் தள்ளிவிடும், "அட, நமக்கு இவ்வளவு தெம்பா" என்று தோன்றும், திரும்பும்போது கணக்குத் தீர்க்கும். அந்த மாதங்களில் தனியாகப் பழகும்போது முதலில் ராமநாதபுரம் பக்கம் எதிர்க்காற்றில் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு வீட்டுக்கு வாருங்கள். வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடைக் காலத்தில் இதை அப்படியே மாற்றி, முதலில் மண்டபம் பக்கம். காலை 9 மணி தாண்டினால் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். குழுவில் ஓட்டும்போது முன்னால் போகிறவரின் பின்னால் ஒதுங்கினால் சிரமம் நன்றாகக் குறையும், ஆனால் புதிதில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள், அவர் திடீரென்று பிரேக் பிடித்தால் உங்களுக்கு இடம் வேண்டும்.

பஞ்சர் கண்டிப்பாக வரும். சீமைக் கருவேலம் இருக்கிற மாவட்டம் இது. விறகும் கரிமூட்டத்துக்கான கட்டையும் ஏற்றிப் போகிற டிராக்டரிலிருந்து உதிர்கிற முள் சாலையோரத்தில்தான் ஒதுங்கிக் கிடக்கும், ஆகவே தாரை விட்டு மண்ணில் இறங்காதீர்கள். மாற்று டியூப், கைப் பம்ப், டயர் கழற்றும் பட்டை, மூன்றும் பையில் இருக்கட்டும். மாற்றத் தெரியாவிட்டால் பரவாயில்லை, குழுவில் யாராவது மாற்றித் தருவார்கள் (ஆளாளுக்கு யோசனையும் தருவார்கள், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்).

முதல் நாளே பாம்பன் பாலம் என்று அழைத்தால் மண்டபத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல், ஏறி இறங்க வேண்டும், பக்கக் காற்று சைக்கிளைத் தள்ளும், வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துபவர்கள் வேறு. பாலத்தின் இணைப்புகளைச் சக்கரம் நேராக இருக்கும்படி கடக்க வேண்டும், மழையில் வழுக்கும். தனுஷ்கோடி அதற்கும் பிறகு. ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி தாண்டி சாலை முடிகிற அரிச்சல்முனை போய்த் திரும்ப சுமார் 40 கிலோமீட்டர், நிழலே கிடையாது, சாலையில் மணல் ஏறிக் கிடக்கும். போய் வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள், உப்பு தின்றுவிடும். தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் சைக்கிளைக் குளிப்பாட்டச் சொல்லி நான் திட்டு வாங்க மாட்டேன், துணி போதும்.

கேள்வி: 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். குழுவோடு போகலாமா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் டாக்டரிடம் கேளுங்கள், எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. இன்சுலினும் சில மாத்திரைகளும் ஓட்டும்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். குளுக்கோஸோ மிட்டாயோ சட்டைப் பையில் இருக்கட்டும், சைக்கிள் பையில் வேண்டாம். கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால் வெட்கப்படாமல் நின்று சாப்பிடுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் குழுவே இல்லையே?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: மூன்று பேர் போதும். கிழமை, நேரம், கூடும் டீக்கடை, இந்த மூன்றையும் மாற்றாதீர்கள். டி-ஷர்ட் அச்சடிப்பதெல்லாம் அப்புறம்.